ஒழுகல எய்யா, திரும்பி வரல

வா எய்யா, இப்படி உக்காரு. என்ன, மூஞ்சி வாடின கத்தரிக்காயாட்டம் இருக்கு? கம்ப்யூட்டர்ல மெமரி லீக்காக்கும்? ஒழுகுதாக்கும்? எங்க, தரையில ஈரத்தையே காணோம்!

கோவிச்சுக்காத. இதே திண்ணையில எம் பேரன் மூணு வாரம் உக்காந்து, மடியில கம்ப்யூட்டர வச்சுகிட்டு, தலையப் பிச்சுகிட்டுக் கெடந்தான். அவனுக்கும் இதே வியாதிதான். அவன் சொன்னது பாதி, நான் கேட்டது பாதி. அதத்தான் ஒனக்கு இப்ப அவுத்து விடுதேன்.

எனக்கு என்ன தெரியும்னு பாக்கியா? நான் நாப்பது வருசம் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விட்ட ஆளு. கோவில்பட்டியச் சுத்தி நம்ம கடை அண்டாவுல வேகாத கல்யாணச் சோறு கம்மி. படிப்பு எட்டாங் கிளாசு. ஆனா வெளிய போனது எத்தன, உள்ள வந்தது எத்தன, அந்தக் கணக்குல என்ன ஏமாத்தினது ஒரே ஒருத்தர்தான். அந்தக் கதை பெறவு.

மொதல்ல அந்த ஒலகத்தக் கேளு. பேரன் வேல பாக்கது மெய்நிகர் உலகத்துல. இருக்க ஊர்ல குடியிருந்துகிட்டு இல்லாத ஊர்ல வீடு கட்டுத தொழில். அதுல பேர் போனது செகண்ட் லைஃப். பிலிப் ரோஸ்டேல்னு ஒருத்தர் ஆரம்பிச்ச லிண்டன் லேப் கம்பேனி, அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோவுல இருந்து 2003 ஜூன் மாசம் தெறந்து விட்டது. யாரையும் சுட வேண்டாம், எதையும் ஜெயிக்க வேண்டாம். பொம்மையா நடக்கணும், துணி மாத்தணும், நெலம் வாங்கணும், கட்டடம் கட்டணும். ஒரு துண்டு நெலம்னா 256 மீட்டர் நீளம், 256 மீட்டர் அகலம். நான் பெருக்கிப் பாத்தேன், 16 ஏக்கர் சொச்சம் வருது. ஒரு பருத்திச் செடி மொளைக்காது, ஆனா மாசாமாசம் பணம் கட்டணும்! 2007-ல சுவீடன் நாடு அதுக்குள்ள ஒரு தூதரகமே தெறந்துச்சாம். சரி, விசா குடுத்தாவளான்னு கேட்டேன். குடுக்கலையாம். எங்க போய் வாங்கணும்னு சொன்னாவளாம். அதுக்கு நம்ம பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரன் போதாதா?

போட்டும். அந்த ஒலகம் இருக்கது அவங்க சர்வர்ல. ஒன் மேசையில இருக்கது வெறும் ஜன்னல். அதுக்குப் பேரு வியூவர். “இங்ஙன ஒரு வீடு, அதுக்குப் பச்சைச் சாயம்”னு சர்வர் சொல்லும். வியூவர் அதக் கேட்டு வரைஞ்சு காட்டும். 2007 ஜனவரியில லிண்டன் லேப் அந்த வியூவரோட சோர்ஸ் கோட எல்லாருக்கும் பொதுவுல தூக்கிப் போட்டுட்டாவ. பெறவென்ன, ஆளுக்கொரு வியூவர். அப்படி எடுத்து, மேல கொஞ்சம் ஜரிகை வச்சுத் தச்சதுதான் பேரன் கம்பேனி வியூவரும். பேரு என்னத்துக்கு, விடு.

அந்த வியூவர காலையில தெறந்தா ஒரு ஜிபி. மத்தியானம் மூணு. வெளக்கு வைக்க நேரம் ஆறு. ராத்திரி சாமம், பொத்துனு விழும். மறுநாளும் இதே கதை.

ஒடனே என்ன பண்ணினாவ தெரியுமா? கூட்டம் போட்டாவ. அதுக்குப் பேரு வார் ரூமாம். போர்! எட்டுப் பேரு, எட்டு கம்ப்யூட்டரு, ஒரு பீட்சா. ஒருத்தன் சொல்லுதான், வாடிக்கக்காரங்கள 32 ஜிபி ராம் வாங்கச் சொல்லுவோம்னு. இன்னொருத்தன், சி பிளஸ் பிளஸ் பாஷையே சரியில்ல, மொத்தத்தையும் ரஸ்ட் பாஷையில திருப்பி எழுதணும்னான். ரஸ்ட்டுன்னா துருதானே? இரும்புல துரு ஏறக் கூடாதுன்னு நாங்க எண்ணெய் தடவுவோம், இவன் துருவையே ஏத்தணுங்கான். அட, அந்த பாஷை நல்ல பாஷைதான்னு பேரன் சொன்னான். ஆனா அதுலயும் ஒண்ண ஒண்ணு கட்டிப் புடிச்சு வச்சா லீக் ஆகுமாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். கூடத்த இடிச்சுக் கட்டினா ஆட்டம் வந்துருமாலே?

மூணாவது ஆளு ஒரு டேஷ்போர்டு போட்டான். செவப்புக் கோடு மேல ஏறுதது பெரிய டிவியில தெரியும். காய்ச்சக்காரன் பக்கத்துல உக்காந்து தெர்மாமீட்டருக்குச் சட்டம் போட்ட மாதிரி.

அன்னைக்குத்தான் நான் பேரன்கிட்ட கேட்டேன். “ஒழுகுது ஒழுகுதுங்கியே, ஒழுகி எங்க போவுது?”

முழிக்கான்.

“எங்கயும் போவல தாத்தா. உள்ளதான் இருக்கு.”

“அப்ப எதுக்குடா லீக்குங்க?”

பேர வச்சவன்தான் மொதக் குத்தவாளி. ஒழுகல்னு சொன்னதும் நீங்க எல்லாரும் ஓட்டையத் தேடுதிய. ஓட்டையே கிடையாது. கத என்னன்னா, புரோகிராமுக்கு இடம் வேணும்னா கேக்கும். சி பிளஸ் பிளஸ்ல “நியூ”ன்னா அண்டாவ எடுத்துட்டுப் போறது. “டிலீட்”டுன்னா கழுவித் திருப்பிக் குடுக்கது. எடுத்தவன் குடுக்கலைன்னா? அண்டா ஓடிப் போவல, உருகல, ஒழுகல. எவன் வீட்டு அட்டத்துலயோ கவுந்து கெடக்கு. நமக்குத் தேவைப்படுத அன்னைக்கு இல்ல, அம்புட்டுதான். இதுக்கு வேண்டியது அடைக்கத ஈயம் இல்ல எய்யா. நோட்டும் பென்சிலும்.

அதுக்காவ இடம் கூடிப் போனதெல்லாம் லீக்கும் இல்ல. இங்ஙனதான் சின்னப் பயலுக மண்டையக் கொழப்பிகிடுதது.

அந்த ஒலகத்துல படம் வருத வழியப் பாரு. சுருட்டின ஜமக்காளம் மாதிரி வரும். ஜேபெக் 2000-ன்னு ஒரு சுருட்டு. கக்கத்துல அடங்கும். விரிச்சா அறைய அடைக்கும். 1024-க்கு 1024 புள்ளி உள்ள படம், புள்ளிக்கு 4 பைட்டு, ஆக 4 எம்பி. ஒரு பொம்மை வெரல்ல கெடக்க மோதிரத்துக்கு இந்த அளவுப் படத்த ஒட்டி விடுதான் ஒருத்தன். பொத்தானுக்கு ஒண்ணு, சடைக்கு ஒண்ணு, செருப்பு வாருக்கு ஒண்ணு. அப்படி நாப்பது பொம்மை ஒரு எடத்துல கூடி ஆடுது. கம்ப்யூட்டர் மூச்சு வாங்காம என்ன செய்யும்? இது லீக் இல்ல, ஊதாரித்தனம். ஊதாரிக்கும் திருடனுக்கும் ஒரே மருந்து குடுக்க முடியுமா?

அடுத்து, எடுத்து வச்சுகிடுதது. இன்னைக்குக் கல்யாணம், நாளக்கழிச்சு அதே மண்டபத்துல வளைகாப்புன்னா, அம்பது டம்ளர அங்கயே விட்டுட்டு வருவேன். திருப்பி வண்டி கட்டணுமே? வியூவரும் அப்படித்தான். பாத்த படத்த ஒடனே தூர வீசாம வச்சிருக்கும். கேஷ்னு பேரு. ஒரு அளவுக்கு மேல ஏறாம நின்னுச்சுன்னா அது சாமர்த்தியம். நிக்காம ஏறினாத்தான் சந்தேகம்.

இன்னொண்ணு. திருப்பிக் குடுத்த இடத்தையும் வியூவர் ஒடனே விண்டோஸ்காரன் கையில ஒப்படைக்காது. மறுபடி வேணும்னு தன் கொட்டகையிலயே அடுக்கி வச்சுகிடும். ஒன் டாஸ்க் மேனேஜர் பாத்தா நம்பர் எறங்கியே இருக்காது. நீ அதப் பாத்து நெஞ்சுல அடிச்சுகிடுவ.

பெரிய கொட்டகை கட்டினா தீராதான்னு கேக்கியா? 32-பிட்டு காலத்துல விண்டோஸ்ல ஒரு புரோகிராமுக்குச் சாதாரணமா 2 ஜிபிதான் பட்டா. கெஞ்சிக் கேட்டா மூணு, நாலு. நீ 16 ஜிபி ராம் வாங்கிச் சொருகினாலும் அதுக்குக் கண்ணு தெரியாது. போதாக்கொறைக்குத் துண்டு துண்டா இடம் கெடக்கும். பந்தியில நூறு எலைக்கு இடம் இருக்கு, ஆனா அங்ஙன ஒண்ணு இங்ஙன ஒண்ணு. சம்பந்தி வீட்டுக்காரங்க இருபது பேரு வந்து, சேந்தாப்புல ஒரே வரிசையில எல போடுன்னா எங்க போடுவ? இடம் இருந்தும் சண்டை வரும். செகண்ட் லைஃப் வியூவர் 64-பிட்டுக்கு மாறினது 2018-ல. கொட்டகை பெருசாச்சு. ஆனா திருப்பிக் குடுக்காதவன் திருந்திட்டானா? நாலு மணி நேரத்துல விழுந்தது நாப்பது மணி நேரத்துல விழும். அதுக்குள்ள எவனும் தூங்கப் போயிருவான். காலையில புதுசாத் தெறப்பான். மூடின ஒடனே விண்டோஸ் அம்புட்டு இடத்தையும் பறிச்சுகிடும்லா, அதனால எல்லாம் சுத்தமாத் தெரியும்.

இதுல அந்தத் தொழில்காரங்க சொல்லிச் சிரிக்க ஒரு கதை உண்டு. ஏவுகணைக்குள்ள இருக்க புரோகிராம்ல லீக்காம். அத எழுதினவங்களுக்கே தெரியுமாம். பறக்கத நேரத்துக்கு எம்புட்டு ஒழுகும்னு கணக்குப் போட்டு, அதுக்கு மேல மெமரிய வச்சு விட்டுட்டாவளாம். நெறையுததுக்குள்ள வெடிச்சிரும்லா! நெசமோ பொய்யோ, கணக்குல தப்பு இல்ல. கல்யாண வீடே எரிஞ்சு போனா கரண்டிக்கு யாரு வந்து நிக்கப் போறான்?

சரி, பேரன் கதைக்கு வாரேன். வால்கிரைண்டுன்னு ஒரு சாமான் இருக்காம். ஜூலியன் சீவர்டுன்னு ஒரு மனுசன் பண்ணினது, 2002-ல வெளிய வந்துச்சு. ஐரோப்பாவுல வடக்கால உள்ளவங்க புராணத்துல வீரசொர்க்கத்தோட வாசலுக்கு அந்தப் பேராம். பேருக்கேத்த வேலதான். வாசல்ல நின்னுகிட்டு, உள்ள போறது வெளிய வாரது எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதும். நல்ல கணக்கப்பிள்ளைதான். ஆனா புரோகிராம் இருபது முப்பது மடங்கு மெதுவாயிரும். ஒரு நாள் கல்யாணத்த ஒரு மாசம் நடத்தினா பொண்ணு மாப்பிள்ள நிப்பாவளா? சர்வர் அங்ஙன இருந்து “இருக்கியாடே”ன்னு குரல் குடுக்கும். இவன் கொட்டாவி விட்டுப் பதில் சொல்லுததுக்குள்ள, ஆளு காலின்னு கணக்க முடிச்சுரும். 2012 வாக்குல கூகிள்காரங்க அட்ரஸ் சானிடைசர்னு ஒண்ணு விட்டாவ. அது ரெண்டு மடங்குதான் மெதுவாக்குமாம். பேரன் அதையும் ஓட்டினான். ரெண்டும் ஆயிரக்கணக்குல வரி வரியா எழுதித் தள்ளிச்சு. ராமாயணம் கெட்டுது போ.

ஆனா நம்ம திருடன் அதுல இல்ல!

ஏன்னு யோசி. வால்கிரைண்டு பல வகையாப் பிரிக்கும், அதுல ரெண்டு வகைய மட்டும் கேளு. ஒண்ணு, “டெஃபனிட்லி லாஸ்ட்”. அண்டா கெடக்கு, ஆனா அது எங்க கெடக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. இன்னொண்ணு, “ஸ்டில் ரீச்சபிள்”. அண்டா இன்னார் வீட்டுல இருக்குன்னு நோட்டுல இருக்கு. மொத வகையப் பாத்தா குய்யோ முய்யோன்னு கத்தும். ரெண்டாவதப் பாத்தா, அதான் இருக்கே, எடுத்துக்கலாம்னு விட்டுரும். அண்டா வாத்தியார் வீட்டுல இருக்குன்னு அதுக்குத் தெரியும். வாத்தியார் வீட்டுக் கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சுன்னு அதுக்குத் தெரியுமா? எவன் கையில இருக்குன்னு எந்திரம் சொல்லிரும் எய்யா. எவனுக்கு இனிமே வேண்டாங்கதச் சொல்ல மனுசன்தான் வேணும்.

லிண்டன் லேப்காரங்க இதுக்கு ஒரு நல்ல ஏற்பாடும் பண்ணித்தான் வச்சிருக்காவ. எல்எல்பாயின்டர்னு பேரு. அந்த எல்எல், கம்பேனி இனிஷியல். நாங்க பாத்திரத்துல பேரு வெட்டுத மாதிரி, அவங்க எழுதினதுல எதத் தொட்டாலும் தலையில எல்எல் இருக்கும். அதோட வேல என்னன்னா, தன்ன எத்தன பேரு புடிச்சிருக்கான்னு அண்டாவே எண்ணிகிடும். கடைசி ஆளு கைய எடுத்ததும் தன்னால கடைக்குத் திரும்பிரும். எனக்கு அப்படி ஒரு அண்டா இருந்திருந்தா நான் மாடி வீடு கட்டிருப்பேன்.

ஆனா அதுலயும் கோட்டித்தனம் பண்ணலாம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பாத்திருக்கியா? “அவன் கைய எடுத்தா நான் எடுக்கேன்”னு அண்ணன். “அவன் எடுக்கட்டும்”னு தம்பி. ரெண்டு பேரும் செத்தாலும் கணக்கு ஒண்ணு ஒண்ணுன்னே நிக்கும். அண்டா வராது.

கடைசியில பேரன்கிட்ட நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. ஆத்துல போட்டாலும் அளந்து போடு. ஊர்க் கூட்டத்துல நின்னுகிட்டுத் தேடாத. ஒரு காலி நெலத்துக்குப் போ. பத்து நிமிசம் சும்மா நில்லு. நம்பர எழுது. பெறவு ஒரே ஒரு காரியத்த நூறு தடவ செய். மறுபடி எழுது. அந்த மொதப் பத்துத் தடவையக் கணக்குல சேக்காத, அது அடுப்பு சூடேறுத நேரம்.

சும்மா நின்னான். நம்பர் ஆடல. நூறு தடவ நடந்தான். ஆடல. நூறு தடவ சட்ட மாத்தினான். ஏறிச்சு, ஒரு எடத்துல நின்னுருச்சு. கேஷ், விட்டுரு. அடுத்தவன் பேரத் தட்டினா ஒரு ஜன்னல் தெறக்குமாம், அவன் போட்டோவும் வெவரமும் உள்ள ஜன்னல். ப்ரொஃபைலுங்காவ. அதத் தெறந்து மூடினான். தெறந்து மூடினான். நான் வெத்தல இடிச்சுகிட்டு எண்ணிட்டு வந்தேன். நூறு ஆனதும் நூறு எம்பி கூடிருக்கு. இன்னும் நூறு. இன்னும் நூறு எம்பி.

“தடவைக்கு ஒரு எம்பி. எந்தப் பாத்திரம்லே அந்த அளவு?”ன்னேன்.

எம் மேலயே ஆணை, அப்பத்தான் அவன் மூஞ்சியில வெளிச்சம் வந்துச்சு. 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 4 பைட்டு. பெருக்கினா கெச்சிதமா ஒரு எம்பி. காணாமப் போனது எட்டுப் படிச் சருவம்னு தெரிஞ்சா, எட்டுப் படிச் சருவம் எடுத்த வீடு ஊர்ல ரெண்டோ மூணோதானே? இருக்க வீட்ட எல்லாம் எதுக்குச் சோதன போடணும்?

சோர்ஸ் கோடப் பெரட்டினான். குத்தம் அந்தப் பழைய கோட்டுல இல்ல, இவங்க மேல தச்ச ஜரிகையில இருந்துச்சு. போட்டோ சதுரமா இருந்தா நாகரிகம் இல்லன்னு, வட்டமா வெட்டிக் காட்டணும்னு ஒரு மேனேஜர் சொல்லிருக்காரு. வெட்டுததுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு நகல் எடுத்திருக்காவ. அந்த ஜன்னல், “இந்த ஆளு வெவரம் மாறினா எனக்கும் சொல்லு”ன்னு ஒரு பட்டியல்ல பேரு குடுத்திருக்கு. மூடும்போது பேர அடிக்கல. செத்தவன் பேரு ரேஷன் கார்டுல இருக்க மாதிரி. ஆளு காட்டுக்குப் போயாச்சு, அரிசி மட்டும் மாசாமாசம் அளந்துகிட்டே இருக்கு. பட்டியல் ஜன்னலப் புடிச்சிருக்கு, ஜன்னல் நகலப் புடிச்சிருக்கு. எல்எல்பாயின்டர் நேர்மையா எண்ணிட்டு நிக்குது. வால்கிரைண்டு நேர்மையா “இருக்கு”ன்னு சொல்லுது. எல்லாரும் யோக்கியன்தான். சொம்பத்தான் காணோம்.

பேரன் எழுதினது ஒத்த வரி. மூடும்போது பட்டியல்ல இருந்து பேர எடு. அம்புட்டுதான். மறுநா ராத்திரி சாமம் தாண்டியும் வியூவர் ஒண்ணேகால் ஜிபியில கல்லு மாதிரி நின்னுச்சு.

ஆபீசுல என்ன பண்ணினாவ? ஒத்த வரிக்கு “மெமரி எக்ஸலன்ஸ் ஜர்னி”ன்னு பேரு வச்சு, படம் காட்டிப் பேசினாவளாம். கேக்கு வெட்டினாவளாம். வட்ட போட்டோ கேட்ட மேனேஜருக்குத்தான் மாலை. 32 ஜிபி கேட்ட பயலுக்கு அவன் கேட்ட ராம் வந்துருச்சு. பேரனுக்கு ஒரு பனியன். அதுலயும் கம்பேனி பேரு வெட்டிருக்கு, திருப்பிக் கேப்பாவளோ என்னமோ.

ஒனக்கு எந்தச் சருவம் காணல? எத்தன படி? அதக்கூடப் பாக்காமலா பஸ்சு ஏறி வந்த? போய் மொதல்ல சும்மா நின்னு எழுது.

ஆங், அந்த ஒருத்தர் கதை. 1991-ல வாத்தியார் வீட்டுக் கல்யாணம். அண்டா வந்துச்சு, வார்ப்பு வந்துச்சு, ஜல்லிக்கரண்டி ஆறும் வந்துச்சு. பித்தளைக் குழிக்கரண்டி பன்னெண்டுல பதினொண்ணுதான். கேட்டதுக்கு, பதினொண்ணுதானே குடுத்தீருன்னாரு. நான் நோட்டக் காட்டினேன். அவரு வாத்தியாரு, என் கையெழுத்துல தப்புக் கண்டுபிடிச்சு வட்டம் போட்டுக் குடுத்துட்டாரு.

போன மாசம் அவரு பேத்திக்குச் சடங்கு. என்னையும் கூப்பிட்டிருந்தாவ. பந்தியில உக்காந்தேன். ஒரு சின்னப் பொண்ணு ரசம் ஊத்திகிட்டு வந்துச்சு. எலைக்கு மேல கரண்டி சாயுது, காம்புல எம் பேரோட மொத ரெண்டு எழுத்து, நானே உளி வச்சு வெட்டினது, தேஞ்சும் தேயாம பளிச்சுனு தெரியுது. எதிர்ப் பந்தியில வாத்தியாரு உக்காந்து என்னையே பாக்காரு.

“இன்னொரு கரண்டி ஊத்து தாயி”ன்னேன்.